சின்னவிரலில் ஒரு கட்டு

இன்று காலை என் மகள் இடது கைச் சின்னவிரலில் ஒரு பிளாஸ்ரரைச் சுற்றிக்கொண்டு அறையிலிருந்து வந்தாள். அவளுக்கு நான்கு வயது. குளியலறை அலுமாரியில் இருந்த பெட்டியை எப்படி எட்டி எடுத்தாளோ தெரியவில்லை. “காயமோ?” என்று கேட்டேன். “ஓம்” என்றாள். “ஏன் அழேல்லை?” “இட்ஸ் ஓகே, அம்மா.” இரத்தம் எங்கும் இல்லை. அடுப்பை அணைத்தேனா என்று மூன்று தரம் திரும்பிப் போய்ப் பார்க்கிறவள் நான். விரலைப் பிடித்துவிட்டேன், அவிழ்த்து வெளிச்சத்தில் பார்ப்பதற்காக. ஆனால் அந்த விரலும் அதன் மேல் இருந்த கட்டும் என்னை நிறுத்தின. போன மாரியில் காலமான பேராசிரியரை நினைத்துக்கொண்டேன்.

அவர் இலங்கையின் ஜனாதிபதி ஆட்சிமுறையின் வரலாற்றை எழுதியவர். ரொறன்ரோவில் நெடுங்காலம் படிப்பித்து ஓய்வுபெற்ற பிறகு, அவருக்கு உதவியாளராக நான் நகரின் கிழக்கு ஓரத்தில் ரூஜில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்தே வேலை செய்தேன். வரலாறு படித்துவிட்டு அதோடு என்ன செய்வதென்று தெரியாமல் இருந்த எனக்கு அது பெரிய வேலை. அவருடைய முதல் புத்தகம் ஜனாதிபதியின் அதிகாரங்களைப் பற்றியது. சட்டப் பிரிவுகளும் அடிக்குறிப்புகளுமாக, வாசிக்கிறவரை மூச்சுவாங்க வைக்கும். இரண்டாவதில், ஜனாதிபதிகளின் உரைகளைச் சிங்களத்திலும் தமிழிலும் ஆங்கிலத்திலும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒரே உரை எந்த மொழியில் எதைச் சொல்லாமல் விட்டது என்று பார்த்தார். இரண்டையும் அறிஞர்கள் மெச்சினார்கள். ஆனால் ஸ்காபரோ பஸ்ஸில் பக்கத்தில் இருந்த ஒரு அம்மா, “உங்கட புத்தகத்தில கதிரை இருக்கு, கதிரையில இருந்தவையும் இருக்கினம். வாக்குப் போட்ட சனம் எங்க தம்பி?” என்று கேட்டாராம். எழுபது வயதில் தன்னைத் தம்பி என்றதும் சேர்த்தே அந்தக் கேள்வி தன்னைக் குத்தியது என்று பேராசிரியர் சொல்லிச் சிரிப்பார். மூன்றாவது புத்தகம் அந்தக் கேள்வியிலிருந்து வந்தது. அதைத் தமிழிலேயே எழுதினார்.

அதற்காக இங்கே இருக்கிற எங்கள் ஆட்களின் வீடுகளுக்குப் போய், ஊரில் ஜனாதிபதித் தேர்தல் நாட்களில் அவர்கள் என்ன செய்தார்கள் என்று கேட்டோம். பேசியவர்களின் பெயரை அவர் ஒருபோதும் எழுதமாட்டார். வீட்டருகில் ஓடும் பஸ்ஸின் இலக்கத்தையே பெயராக வைப்பார். லோரன்ஸ் வீதியில் இருந்தவர் ஐம்பத்துநாலு. நகருக்கு வெளியே அஜக்ஸில் இருந்த ஒரு அங்கிளுக்கு ரொறன்ரோ பஸ் வாய்க்கவில்லை என்பதால், நெடுஞ்சாலையின் பெயரில் நானூற்றொன்று ஆனார்.

நானூற்றொன்றின் கதைதான் புத்தகத்தின் நெஞ்சு. ஊரில் யாரும் வாக்குப் போடக் கூடாது என்று, ஆயுதம் வைத்திருந்த எங்கள் ஆட்களிடமிருந்து வாய்மொழியாக ஒரு உத்தரவு இருந்த தேர்தல் அது. அவர் போய்ப் போட்டுவிட்டார். “பெரிய கொள்கை ஒண்டுமில்லை, சேர். நான் போகாட்டி என்ர வாக்கை வேற ஆரும் போட்டிடுவாங்கள் எண்ட எரிச்சல்.” வாக்களித்தவரின் இடது கைச் சின்னவிரலில் பூசும் மை நாட்கணக்கில் போகாது. வெளியே வந்ததும் வேலியோரம் நின்று, சட்டைப்பையில் இருந்த லேஞ்சியைக் கிழித்து விரலைச் சுற்றினாராம். வீட்டில் மனைவியிடமும் வெட்டுக்காயம் என்றே சொன்னாராம். அதன் பிறகு கனடா வந்து, ஊர்ச் சங்கத்துக்குத் தலைவராகி, “எங்கட ஊரில ஒரு குஞ்சும் வாக்குப் போடப் போகேல்லை” என்று மற்றவர்கள் பெருமையாகச் சொல்லும்போதெல்லாம் தலையாட்டியபடி இருந்திருக்கிறார். கதையைச் சொல்லி முடித்ததும் என்னைப் பார்த்து, “பிள்ளை, இது நான் எண்டு ஆருக்கும் தெரியவரக் கூடாது. மனுசிக்கும்தான்” என்றார். நான் தலையாட்டினேன்.

அடையாளங்களை மாற்றுவது என் வேலை. ஊரை மாற்றினேன், வேலையை மாற்றினேன், இரண்டு மகன்களை ஒரு மகளாக்கினேன். எங்கள் ஆட்களுக்கு ஒரு ஒழுங்கையும் ஒரு பள்ளிக்கூடமும் கிடைத்தால் போதும், ஆளைப் பிடித்துவிடுவார்கள் என்று தெரிந்துதான் ஒவ்வொன்றாக மாற்றினேன். மகளுக்கு அப்போது எட்டு மாதம். ஒரு கையில் அவள், மறு கையில் மௌஸ். வெளியீட்டு விழாவுக்கு இரண்டு நாள் முன்பு அச்சகத்திலிருந்து பெட்டிகள் வந்தன. ஒன்றை உடைத்துப் புரட்டினேன். நானூற்றொன்றின் கதையில், விரலில் சுற்றிய துணி மட்டும் மாறாமல் அப்படியே இருந்தது. ஊரிலே அந்த நாளில் விரலில் கட்டோடு திரிந்தவர் யார் என்று எவருக்காவது நினைவிருந்தால் முடிந்தது கதை. மறந்துதான் விட்டேனா, அல்லது அந்த இடம் அவ்வளவு நன்றாக இருந்ததால் என் கை அதைத் தொட மறுத்ததா என்று இன்றுவரை என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

சொல்லாமல் விடலாமா என்றும் யோசித்தேன். அரை நாள் யோசித்துவிட்டுத் தொலைபேசி எடுத்தேன். பேராசிரியர் பக்கத்தைக் கேட்டார். புரட்டும் சத்தம் கேட்டது.

“கடைசியாப் பாத்தது நான். உம்மட பிழை பாதி, என்ர பிழை பாதி. ஆனா அவற்ற மானம் முழுசெல்லோ, பிள்ளை.” மேசையில் பேனை தேடுவது கேட்டது. “கறுப்புப் பேனையால அந்த வரியை வெட்டிவிடுவமோ? எல்லாப் புத்தகத்திலயும்?”

“வெட்டினால் எல்லாரும் அந்தப் பக்கத்தைத்தான் முதல் பாப்பினம், சேர்.”

“ஓம், ஓம். சொன்னதை வெட்டி மறைக்கிறது ஜனாதிபதிமார் விட்ட பிழை எண்டு முப்பது வருசமா நான் எழுதினதை நானே செய்யப் பாத்தன்” என்றார். சிரிக்கவில்லை. அன்றைக்கே அஜக்ஸுக்குத் தானே அழைத்து உண்மையைச் சொன்னார். அங்கிள், “சரி, யோசிப்பம்” என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாராம்.

ஸ்காபரோ மண்டபத்தில் விழா. அங்கிளும் மனைவியும் வந்து கதவுக்குப் பக்கத்தில், கடைசி வரிசையில் இருந்தார்கள். நான் மகளை மடியில் வைத்துக்கொண்டு, மேடையைப் பார்க்காமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆய்வுரை செய்ய வந்தவர் கண்ணாடியை மாட்டி, “இந்த நூலின் மிகச் சிறந்த பகுதியை உங்களுக்கு வாசிக்கிறேன்” என்றார். எந்தப் பகுதி என்று எனக்கு முன்பே தெரிந்துவிட்டது. விரல், மை, கிழித்த லேஞ்சி, வெட்டுக்காயம் என்று வரி வரியாக ஒலிவாங்கியில் போனது.

வாசித்து முடிந்ததும் நடு வரிசையில் தொப்பியோடு ஒருவர் எழும்பினார். “பேராசிரியர், என்னட்டக் கேக்காமல் என்ர கதையை எப்பிடி எழுதினனீங்கள்?”

அவரை எங்களுக்கு யாரென்றே தெரியாது. மேடையில் பேராசிரியர் வாயைத் திறக்க முன்னம், பக்கத்திலிருந்தவர் தொப்பிக்காரரின் சட்டையைப் பிடித்து இழுத்தார். “டேய், சைக்கிள் செயின் வெட்டினது எண்டெல்லோ எனக்குச் சொன்னனி! மருந்தும் போட்டுவிட்டனானேயடா!”

சபை சிரித்தது. மிசிசாகாவிலிருந்து வந்த ஒரு அம்மா கையை உயர்த்தினார். “இல்லை ஐயா, அது என்ர மனுசன். கதவுக்குள்ள நசிஞ்சது எண்டவர். மனுசன் இப்ப இல்லை. ஓம் எண்டு மட்டும் சொல்லுங்கோ.” அந்த அம்மாவின் ஊர் எங்கேயோ, தொப்பிக்காரரின் ஊர் எங்கேயோ. இன்னொரு மூலையிலிருந்து யாரோ, “என்ர மாமாவும் கட்டோட திரிஞ்சவர்!” என்றார்கள். சாட்சிகளைப் பற்றி ஓம் என்றும் சொல்வதில்லை, இல்லை என்றும் சொல்வதில்லை என்பது பேராசிரியரின் விதி. அன்று அதைக் காப்பாற்றுவதற்கு அவர் ஒன்றுமே செய்யத் தேவைப்படவில்லை. மேடையில் கண்களைத் துடைத்துக்கொண்டு நின்றார்.

கடைசியாகக் கையெழுத்து வாங்க வந்தவர்கள் அங்கிளும் அன்ரியும். அங்கிள் பேசுவதற்குள் அன்ரி என்னிடம் குனிந்தார். “இவர் தேங்காய் திருவேக்கை வெட்டினது எண்டவர், பிள்ளை. தன்ர சீவியத்தில திருவலையைத் தொடாத மனுசன். அதோட, அண்டைக்கு எங்கட வீட்டில தேங்காயே இல்லை.” அங்கிள் மனைவியைத் திரும்பிப் பார்த்த பார்வையை நான் மறக்கமாட்டேன். பிறகு மெல்ல, பேராசிரியரிடம், “அப்ப நான் தனிய இல்லை, சேர்” என்றார். இடது கையை விரித்து, அந்தச் சின்னவிரலைத் தானே ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

பேராசிரியரை நான்தான் காரில் வீட்டுக்குக் கூட்டிப்போனேன். பின்னால் மகள் நித்திரை. இரண்டு நாளாக இறுகியிருந்த தோள்கள் மோனிங்சைட் வீதி வரும்போது இறங்கின. எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. அவர் மடியிலிருந்த புத்தகத்தைத் தட்டினார். “பிள்ளை, உம்மட பிழையை விடும். என்ர பிழைதான் பெரிசு. ‘ஒருவர் துணிந்தார்’ எண்டு எழுதிப்போட்டன்.” அடுத்த நாளே மற்ற விரல்களைத் தேடத் தொடங்கினோம். செயின், கதவு, கத்தி, மீன்முள் என்று கதைகள் வந்துகொண்டே இருந்தன. இரண்டாம் பதிப்பில் அவர் திருத்தியது ஒரே ஒரு வரி: ‘ஒருவர் துணிந்தார்’ போய்ப் ‘பலர் துணிந்தார்கள்’ வந்தது. துணியை அப்படியே விட்டோம். அஜக்ஸ் அங்கிள்தான் விடச் சொன்னார்.

பேராசிரியரின் செத்தவீட்டில் அங்கிளையும் தொப்பிக்காரரையும் பக்கத்தில் பக்கத்தில் கண்டேன். யார் முதலில் வாக்குப் போட்டது என்று குரலைத் தாழ்த்திச் சண்டை பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

காலையில் மகளின் விரலை விட்டுவிட்டு, அவளுக்குச் சப்பாத்துப் போட்டு, டேகெயாரில் இறக்கிவிட்டு வந்தேன். காயம் ஆழமோ, ஆசிரியை என்ன நினைப்பாரோ என்று திரும்பி வரும் வழியெல்லாம் என்னை நானே கேட்டுக்கொண்டேன். வீட்டுக்கு வந்து சோபாவை நகர்த்தினேன், விழுந்த சாவியை எடுக்க. பின்சுவரில், அவளுடைய உயரத்தில், ஊதா மார்க்கரால் பெரிய வட்டமும் இரண்டு கண்ணும் இருந்தன. அழியாத மார்க்கர். அவளுடைய சின்னவிரலிலும் கட்டாயம் பட்டிருக்கும்; கட்டு அதை மறைக்கத்தான்.

நிலத்திலேயே இருந்துகொண்டு நன்றாகச் சிரித்தேன். பின்னேரம் அவள் வந்து விரலை நீட்டி, “இன்னும் நோகுது” என்றாள். பிளாஸ்ரர் ஓரம் கழன்றிருந்தது. புதிதாக ஒன்றை எடுத்து, பழையதை அவிழ்க்காமல், அதன் மேலேயே சுற்றிவிட்டேன்.