வலி வரவேண்டும் என்று ஜெபித்தேன்

என்னோடு முழங்காலில் நின்று ஜெபித்த உங்கள் எல்லோருக்கும் ஆண்டவருடைய சமாதானம். நான் சொல்லப்போவது உங்களில் சிலருக்குக் கசக்கும். எனக்கும் கசந்துதான் சொல்கிறேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம். இரும்புலியூரில் வாடகை வீட்டில் இருந்தோம். என் கணவருக்குத் திருமுடிவாக்கத்தில் ஒரு லேத் பட்டறையில் வேலை. இரண்டு பெண் பிள்ளைகள். சின்னவள் அப்போதுதான் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்திருந்தாள். ஒரு விடியற்காலை, நெஞ்சின் மேல் யாரோ முழங்காலை வைத்து அழுத்துவது போன்ற வலி என்னை எழுப்பியது. தாடை வரை இழுத்தது. உடம்பெல்லாம் வியர்த்து ஊற்றியது. ஆட்டோ பிடித்து ஜி.எஸ்.டி. ரோட்டில் ஒரு நர்சிங் ஹோமுக்குப் போய்ச் சேர்வதற்குள் வலி போன இடம் தெரியவில்லை. ஈ.சி.ஜி. எடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள். இரண்டும் நார்மல்.

அடுத்த வாரமும் அப்படியே. அதற்கடுத்த வாரமும். எப்போதும் விடியற்காலையில்தான். பகலில் தண்ணீர்க் குடத்தோடு மாடி ஏறினாலும் ஒன்றும் செய்யாது. டாக்டர் ரிப்போர்ட்டை என் கணவரிடம்தான் காட்டினார். "ஹார்ட் அட்டாக்கா இருந்தா பிளட்ல என்சைம் ஏறியிருக்கும் சார். ஒண்ணுமே ஏறல. வீட்ல ஏதாவது மனஸ்தாபமா?" என்று கேட்டு, தூக்க மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

அன்றோடு என் பேச்சுக்கு வீட்டில் மதிப்புப் போயிற்று. என் நாத்தனார் முகத்துக்கு நேராகவே கேட்டாள்: "இன்னா அண்ணி, அடுப்பு பத்த வைக்கிற நேரத்துக்குக் கரெக்டா நெஞ்சு வலி வருது?" என் கணவர் அவளை அதட்டவில்லை. பேப்பரைப் புரட்டிக்கொண்டிருந்தார். வலியைக்கூடத் தாங்கிக்கொண்டேன், அதைத் தாங்க முடியவில்லை.

ஈஸ்டருக்கு முந்தைய லெந்து உபவாச நாட்களில் நம் தெருவில் வீட்டுக்கு வீடு அதிகாலை ஜெபம் நடக்கும் அல்லவா? ஒரு நாள் பாட்டுக்கு நடுவிலேயே எனக்கு வலி வந்து சுவரோரம் சரிந்தேன். சுற்றி நின்று, தலையில் கைவைத்து, பிசாசைக் கடிந்து சத்தமாய் ஜெபித்தீர்கள். ஒருவராவது ஆட்டோ கூப்பிடவில்லை. சிறிது நேரத்தில் வலி விட்டது. அது எப்போதுமே தானாக விடுகிற வலி. நீங்களோ விடுதலை கிடைத்தது என்று கைதட்டி, ஞாயிறு ஆராதனையில் சாட்சி சொல்லச் சொன்னீர்கள். ஞாயிறு வருவதற்குள் வலி வந்துவிட்டது. உடனே பேச்சு மாறியது. "அறிக்கை பண்ணாத பாவம் ஏதோ உள்ள இருக்கு சிஸ்டர்" என்று ஜெபக்குழுத் தலைவி என் பிள்ளைகள் எதிரிலேயே சொன்னார்.

அன்று கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். சுகம் கேட்க மனம் வரவில்லை. "ஆண்டவரே, வலியை எடுத்துப்போட வேண்டாம். ஈ.சி.ஜி. மிஷின் என் மேல் இருக்கும்போதே அது வரட்டும். எங்கள் அம்மா நடித்தாள் என்று என் பிள்ளைகள் நினைக்கும்படி நான் சாகக்கூடாது" என்று கேட்டேன்.

என்னை நம்பியவள் ஒருத்திதான். பக்கத்து வீட்டுச் செல்வி. தாம்பரம் ஸ்டேஷன் வாசலில் பூ விற்பவள், ஜெபத்துக்கு வராதவள். "பேஜார் பண்ணிக்காதக்கா. வா, பெரிய ஆஸ்பத்திரிக்கு நான் இட்டுகினு போறேன்" என்று மின்சார ரயிலில் ஏற்றிக்கொண்டு போனாள். அங்கே ஒரு லேடி டாக்டர், அதுவரை யாரும் கேட்காததைக் கேட்டார்: "எந்த நேரத்துலம்மா வருது?" சொன்னேன். உடனே வார்டில் சேர்த்து, ஈ.சி.ஜி. மிஷினைக் கட்டில் பக்கத்திலேயே வைக்கச் சொன்னார்.

முதல் இரண்டு விடியலிலும் வலி வரவில்லை. இங்கேயும் பொய்க்காரி ஆகிவிடுவேனோ என்று நடுங்கினேன். மூன்றாம் விடியலில் வந்தது. நர்ஸ் ஓடிவந்து ஒயர்களை மாட்டினார். பேப்பரில் கோடு மேலே எழும்பியது. நான் அழுதுகொண்டே ஸ்தோத்திரம் சொன்னேன். நாக்குக்கு அடியில் மாத்திரை வைத்ததும் கோடு இறங்கியது. அந்த நேரத்தில் எடுத்த ரத்தமும் நார்மல்தான்.

பிறகு ஆஞ்சியோ செய்தார்கள். அடைப்பு இல்லை. "கெண்டைக்கால் இழுத்துக்கிற மாதிரி, ஹார்ட்டுக்குப் போற ரத்தக்குழாய் இறுக்கிப் பிடிச்சுக்குதும்மா. தசை சாகறதுக்குள்ள விட்டுடுது, அதான் ரத்தத்துல தெரியல. ஒரு நாள் விடாமப் பிடிச்சா உயிர் போயிடும்" என்றார் டாக்டர். ரத்தத்தை மட்டும் பார்த்து இந்த இறுக்கத்தைச் சொல்ல இன்னும் வழி இல்லை, தேடிக்கொண்டிருக்கிறார்கள் என்றும் சொன்னார். ஆஸ்பத்திரிக்கு வந்து எல்லாவற்றையும் கேட்ட என் கணவர் என்னைத் திரும்பிப் பார்த்து, "அப்ப நெஜமாவே வலிச்சுதா?" என்றார். அந்தக் கேள்வி இன்னும் எனக்குள் ஆறவில்லை.

ரத்தக்குழாயைத் தளர்த்தும் மாத்திரையை இன்றுவரை வேளை தவறாமல் சாப்பிடுகிறேன். வலி அபூர்வமாகத்தான் வருகிறது. சாட்சிக்காக மறுபடி கூப்பிட்டீர்கள். சுகமானேன் என்று சொல்ல மாட்டேன். நான் கேட்டதை ஆண்டவர் கொடுத்தார் என்றுதான் சொல்வேன். செக்கப்புக்குப் போகும்போது ஆராய்ச்சிக்கென்று கூடுதலாக ஒரு குழாய் ரத்தம் கேட்பார்கள். சந்தோஷமாகக் கையை நீட்டுகிறேன். எனக்காகப் பேசாத ரத்தம் இன்னொருத்திக்காகவாவது பேசட்டும்.

கர்த்தரை நம்புங்கள். ஒளிக்காமல், கோபத்தோடும் கேளுங்கள், அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். ஆனால் உங்கள் பக்கத்தில் ஒருத்தி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால், முதலில் அவளை நம்புங்கள். ஜெபத்தை ஆட்டோவில் போகும்போது செய்துகொள்ளலாம்.