பெரில் ஓர்மராட் சொன்ன சாரி

உங்கள் காலை ஒருவன் மிதித்துவிட்டால் யார் மன்னிப்புக் கேட்க வேண்டும்? மிதித்தவனா, மிதிபட்ட நீங்களா?

இங்கிலாந்தின் லங்காஷயர்க்காரர்களைக் கேட்டால் யோசிக்கவே மாட்டார்கள். மிதிபட்டவர்தான். பெரில் ஓர்மராட் ஐம்பத்தெட்டு வருடம் அப்படித்தான் வாழ்ந்தாள். பஸ்ஸில் இடித்தவனிடம் சாரி. ஆறிப்போன தேநீரைக் கொண்டுவந்து வைத்தவளிடம் சாரி. ஒருமுறை துணிக்கடை வாசலில் நின்ற பொம்மைமேல் மோதி அதனிடமும் சாரி. அவள் அப்பா வேலை பார்த்த நூல் மில்லை இழுத்து மூடியபோது பாதி ஊர் தெருவுக்கு வந்தது. மூடியவர்களில் ஒருவரும் சாரி சொன்னதாக அவளுக்கு நினைவில்லை. பணிவு என்னும் அந்தத் தேசிய குணத்துக்கு மூட்டுவலி போலிருக்கிறது. மேல்மாடிக்கு ஏறுவதே இல்லை.

பிஸ்கட் ஆலையில் பெட்டி கட்டும் பிரிவில் இருபத்திரண்டு வருடமாக வேலை அவளுக்கு. நவம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை சூப்பர்வைசர் டெரன்ஸ் ஒரு கையில் கைப்பேசியோடு சரக்குத் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டியைப் பின்னால் எடுத்தான். சக்கரம் பெரிலின் வலது பாதத்தில் ஏறி இறங்கியது. இரண்டு எலும்பு போயிற்று. கீழே விழுந்தவள் வாயிலிருந்து வந்த முதல் சொல்: “ஐயோ, சாரி கண்ணு!”

விபத்துப் பதிவேட்டில் டெரன்ஸ் கவனமாக எழுதினான்: “வண்டிப் பாதையில் நின்ற ஊழியர் தன் தவறுக்கு அங்கேயே மன்னிப்புக் கேட்டார்.” வண்டியை ஓட்டியது யார் என்பதற்கு அந்தப் பக்கத்தில் இடம் போதவில்லை.

ஆறாவது வாரம் கடிதம் வந்தது. பாதுகாப்பு விதியை மீறியதாக விசாரணை, வேலையே போகலாம். ஆலைத் தொழிற்சங்கத்தின் பிரதிநிதி ஷப்னம் கௌசர். பெரிலுக்குப் பக்கத்து மேசையில் பெட்டி கட்டுபவள். கடிதத்தைப் படித்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள்.

“ஏண்டி சாரி சொன்னே?”

“எனக்கென்னடி தெரியும்? தும்மல் மாதிரி வந்துடுச்சு.”

“சக்கரத்துக்கு வலிச்சிருக்கும்னு நெனச்சியா?”

“சிரிக்காதே. இந்த வயசுல இதை விட்டா எனக்கு எவன் வேலை குடுப்பான்?”

ஷப்னத்தின் சிரிப்பு நின்றது.

விசாரணை அறைச் சுவரில் கோடை விழாவுக்கு நிர்வாகம் அச்சடித்த போஸ்டர் இன்னும் தொங்கியது. தேநீர்க் குடுவை, குடை, ஒழுங்கான வரிசை. கீழே பெரிய எழுத்தில்: “தப்பே இல்லாவிட்டாலும் சாரி சொல்வோம். அதுதான் நாம்!” அதன் அடியில் மேலாளர் டாட்டர்சால் உட்கார்ந்திருந்தார். எல்லோரும் தன்னைக் கிரகாம் என்றே கூப்பிட வேண்டும் என்பார். பேர் சொல்லிக் கூப்பிட்டவர்களைத்தான் வேலையை விட்டும் அனுப்புவார்.

“தப்பு இல்லேன்னா எதுக்கு பெரில் மன்னிப்புக் கேட்டீங்க?”

“உங்க தலைக்கு மேல தொங்குதே கிரகாம், அதைப் படிச்சுட்டுக் கேளுங்க,” என்றாள் ஷப்னம்.

“அது வேற. அது நம்ம பண்பாடு.”

சுவரில் இருந்தால் பண்பாடு. தொழிலாளி வாயில் இருந்தால் வாக்குமூலம். ஒரு நாட்டுக்கே பொதுவான குணம் என்று சொல்லி இப்படித்தான் விற்கிறார்கள்.

டாட்டர்சால் குரலைக் குழைத்துக்கொண்டார். “உங்களுக்கு இது புரியறது கொஞ்சம் கஷ்டம்தான், ஷப்னம். உங்க ஊர்ல வழக்கம் வேறயா இருக்கும்.”

“எங்க ஊரா? இவ வீட்டுக்கு ரெண்டு வீடு தள்ளிப் பொறந்தவ நான். இவ மேல பெய்யற மழைதான் என் மேலயும் பெய்யுது.”

டாட்டர்சால் எழுந்தார். காகிதத்தோடு மேசையைச் சுற்றி வந்தார். “எச்சரிக்கைக் கடிதம், அவ்வளவுதான். கையெழுத்துப் போடுங்க பெரில். அடுத்த தடவை தப்பு நடந்தா வேலை இல்லை.”

அதுவரை குனிந்திருந்த பெரிலுக்குச் சுருக்கென்றது. தன் பாதத்தை விட, ஷப்னத்தைப் பார்த்துச் சொன்ன ‘உங்க ஊர்’தான் அவளைக் குத்தியது. ஊன்றுகோலை ஊன்றி விசுக்கென்று எழுந்தாள். ஊன்றிய இடம் டாட்டர்சாலின் காலணி.

“ஆ! சாரி, சாரி!” என்றார் டாட்டர்சால். 

குறிப்பெடுக்கும் பெண்ணிடம் ஷப்னம் திரும்பினாள். “எழுதிக்கோம்மா. மணி பத்து நாப்பது. கிரகாம் தன் தப்பை ஒத்துக்கிட்டாரு.”

“என்ன தப்பு?”

“அதை நீங்கதான் சொல்லணும். மன்னிப்புக் கேட்டது நீங்கதானே!”

பெரிலின் வாய் பழக்கதோஷத்தில் திறந்தது. சாரி நாக்கு நுனிவரை வந்துவிட்டது. விழுங்கினாள். ஊன்றுகோலை மட்டும் எடுக்கவில்லை.

“எடுக்கறேன். மொதல்ல அந்த வண்டிய யார் ஓட்டினாங்கன்னு எழுதுங்க.”

எழுதினார்கள். எச்சரிக்கைக் கடிதம் திரும்பப் போனது. வேலை நிலைத்தது. “வருந்தத்தக்க ஒரு புரிதல் பிழை” என்று அலுவலகத்திலிருந்து ஒரு வரி வந்தது; யாருடைய பிழை என்று அதில் இல்லை. அடுத்த மாதமே புதுப் போஸ்டருக்கு அவள் முகத்தைக் கேட்டார்கள், நம் பண்பின் முகமாம்.

“மொகம் கெடையாது. பாதத்தை வேணா எடுத்துக்குங்க,” என்றாள் பெரில்.

நீங்கள் வேலை செய்யும் இடத்திலும் எங்காவது ஒரு விபத்துப் பதிவேடு இருக்கும். நாளைக்கே கேட்டு வாங்கிப் பாருங்கள். அடிபட்டவர் பெயர் கட்டாயம் இருக்கும். ஓட்டியவர் பெயர் இல்லையென்றால் எழுதச் சொல்லுங்கள். எழுதும்வரை அந்த இடத்தை விட்டு நகராதீர்கள்.