சோதனைக்காக எழுதியது

உலகம் முழுக்கப் பாவிக்கிற ஒரு கணினி நிரல் நூலகம். எழுத்துகளை ஒழுங்காக அடுக்கி அச்சிட்டுக் கொடுப்பதுதான் அதன் வேலை. அது தமிழை உடைக்கிறது என்று கண்டுபிடித்தவன் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் வாடகை அறையில் கிடக்கும் நான். பெருமையடிக்கத்தான் பக்கத்தில் ஆளில்லை. கூட இருந்த நண்பன் கனடா போய் எட்டு மாதம்.

விசயம் சின்னது. நீளமான உரையை நூலகம் பஃபர் என்ற பெட்டியில் துண்டு துண்டாக நிரப்பி அனுப்பும். 'க்' இருக்கும் இடத்தில் பெட்டி நிரம்பினால், 'க' முதல் துண்டோடு போய்விடும். புள்ளி அடுத்த துண்டின் தொடக்கத்தில் தனியாக நிற்கும். முன்னால் எழுத்தில்லாத புள்ளி ஏதோ கோளாறு என்று நினைத்து, நூலகம் அதை \u0bcd என்ற கணினிக் குறியீடாகத் துப்பிவிடும்.

"அநியாயமடா!" என்று மேசையில் அடித்தேன்.

"தம்பி, ஆரோடை சண்டை?" யன்னலுக்கு வெளியே உடுப்புக் காயப்போட்ட வீட்டுக்கார அன்ரி கேட்டார்.

"புள்ளியோடை அன்ரி."

"கம்பஸ் முடிஞ்சுதெல்லே? இன்னும் சோதினைப் புள்ளி காணாதாமோ?"

"இது கூடிப்போச்சு அன்ரி."

சிரித்துக்கொண்டு போய்விட்டார். அன்று நான் வாய் திறந்து கதைத்தது அவ்வளவுதான்.

திருத்தம் நாலு வரி: முந்திய துண்டின் கடைசி எழுத்தை மறக்காதே. ஆனால் சோதிக்க நீளமான தமிழ் உரை வேண்டும். குட்டி வசனத்துக்குப் பெட்டி நிரம்பாது. நண்பனின் செய்தி ஒன்றை எடுப்போம் என்று வட்சப்பைத் திறந்தேன். "ம்." "ஓம்." "வேலை மச்சான்." "பிறகு கதைக்கிறன்." மாதக்கணக்கில் மேலே தள்ளினாலும் கால் பெட்டி நிரம்பாது. என் பதில்களும் அதே இலட்சணம்தான்.

நானே தட்டினேன். "மச்சான், உன்ரை கட்டிலிலை இப்ப என்ரை உடுப்புத்தான் படுக்குது. கடைக்குப் போனா இப்பவும் ரெண்டு பிளேன்ரீ எண்டு வாய் வருது. நீ போனாப் பிறகு ஒருத்தரோடையும் முழுசாக் கதைக்கேல்லை…" இரண்டு பெட்டி நிரம்பியும் கை நிற்கவில்லை.

சோதனை தேறியது. ஒரு புள்ளியும் பிசகவில்லை. திருத்தத்தை அனுப்பிவிட்டு, அதே உரையை அவனுக்கும் அனுப்பினேன். பார்த்துவிட்டான். தட்டுகிறான் என்று காட்டியது, நின்றது, மறுபடி காட்டியது.

"என்னடா உது? தண்ணி போட்டிட்டியோ?"

பதில் தட்டினேன்.

"இல்லையடா. வேலைக்கு ஒரு சோதினை. நீளமாத் தமிழ் வேணுமெண்டு சும்மா அடிச்சது."

"அப்பச் சரி. பயந்திட்டன்."