கண்ணை மூடினாலும் மின்னிய மீன்

எங்கள் நைனா கரையில் நின்று மீன் பார்க்கிறவர். ஒல்லாந்தர் கோட்டையில் காலைப் பீரங்கி முழங்குவதற்கு முன்பே மணல்மேட்டில் ஏறிவிடுவார். தண்ணீரில் கவலை மீன் கூட்டம் பளபளத்தால் தோள்துண்டை வீசுவார். துண்டு போகிற பக்கம் கட்டுமரம் போகும். இரண்டு கையாலும் தலைக்குமேல் ஆட்டினால் திரும்பிவிட வேண்டும்.

அன்று கடல் நல்ல புத்தியில் இல்லை. யாரும் மரத்தைத் தொடவில்லை. நைனா துண்டை வீசியதைப் பார்த்துச் சித்தப்பா மட்டும் இறங்கினார். எனக்கு எட்டு வயது. கூழ்ச்சட்டியோடு மேட்டில் ஏறினேன்.

நைனா என்னைப் பார்த்துச் சிரித்தார். “இன்னா பாப்பா, பாதி மூஞ்சிய எங்க வுட்டுட்டு வந்த?”

“கண்ண மூடித் தெற நைனா, வந்துரும்.”

மூடினார். “மூடினாலும் மீனு மின்னுதும்மா. ரம்பப் பல்லு மாதிரி ஓரமா நெளியுது.”

கடலையே பார்க்கிறவன் கண்ணில் மீன் ஒட்டிக்கொள்ளும் என்பது எங்கள் ஊர்ப் பேச்சு. இருவரும் சிரித்தோம். சிரிக்க நேரம் பார்த்தோமே, பாவிகள்!

கூழ் தீர்வதற்குள் நைனா தலையைப் பிடித்துக்கொண்டு வாந்தியெடுத்தார். மணலில் முகம் புதைத்துக் கிடந்தார். அந்த நேரத்தில்தான் அலை சித்தப்பாவைப் புரட்டியது. மூன்றாம் நாள் முகத்துவாரத்தில் பிணமாக ஒதுங்கினார்.

அண்ணனும் தம்பியும் முந்தின வாரம்தான் ஒரு வலைக்காகச் சண்டை போட்டிருந்தார்கள். ஊருக்கு அது போதாதா? பஞ்சாயத்தில், “நெசமாவே மீனு பாத்தியா?” என்று கேட்டார்கள். “கடலம்மா மேல ஆணை, பாத்தேன்” என்றார். சித்தி அவர் முகத்தில் மண்ணை வாரி இறைத்தாள். தம்பியைக் கொன்றவன் என்று பேர் வைத்து, மணல்மேட்டில் ஏறக்கூடாது என்று தீர்த்துவிட்டார்கள். என்னை யாரும் கேட்கவில்லை. நானும் ஊர் சொன்னதைத்தான் நம்பினேன். அவர் சாகும்வரை அவர் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு வாய் சோறு தின்றதில்லை.

போன மாசியில் கருவாடு புரட்டிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தால் என் மகளின் முகத்தில் பாதியைக் காணவில்லை. ஓரத்தில் ரம்பப் பல் மின்னியது. கண்ணை மூடினேன், போகவில்லை. கொஞ்ச நேரத்தில் தலை பிளந்தது, குடல் புரட்டியது. ஐயோ நைனா, உனக்கும் அன்றைக்கு இந்தத் தலைநோவுதானா என்று அழுதேன்.

கடலில் இருக்கிற மீன் கண்ணை மூடினால் மறைந்துவிடும். எட்டு வயதில் எனக்கு அது தெரியவில்லை. நைனா கண்ணை மூடிச் சொன்னபோது சித்தப்பா அலைக்கு இந்தப் பக்கம், கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில்தான் மரத்தைத் தள்ளிக்கொண்டிருந்தார்.