இரண்டாம் நிலையில் நின்ற கம்ப்யூட்டர்

போன வாரம் அலமாரியை ஒழிக்கும்போது பழைய யூனிக்ஸ் கம்ப்யூட்டர் கையேடு ஒன்று கையில் வந்தது. திறந்ததும் குப்பென்று பூஞ்சணம் மணந்தது. மற்றவர்களுக்கு அது நாற்றம், எனக்கு ஏற்காடு. மழைக்காலத்தில் அங்கே ஒரு ஜோடி செருப்பை நான்கு நாள் கட்டிலுக்கு அடியில் விட்டால் பச்சை பிடித்துவிடும். பெல்ட், பர்ஸ், கல்யாணப் பத்திரிகை எதுவும் தப்பாது. தும்மிக்கொண்டே பக்கங்களைப் புரட்டினால், ஒரு பக்க ஓரத்தில் பென்சிலில் ‘முட்டாள்’ என்று எழுதியிருந்தது. என் கையெழுத்துதான். என்னை நானே திட்டிக்கொண்டது.

தொண்ணூறுகளின் தொடக்கம். சேலத்தில் கம்ப்யூட்டர் விற்கும் சின்னக் கடையொன்றில் நான் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகியிருக்கவில்லை. ஏற்காட்டில் ஒண்டிக்கடை என்ற சந்திப்புக்குச் சற்று மேலே இருந்த ஒரு காபி எஸ்டேட் ஆபீசுக்கு எங்கள் முதலாளி ஒரு யூனிக்ஸ் சர்வரை விற்றிருந்தார். ஒரு பெரிய பெட்டி, அதிலிருந்து ஒயர் இழுத்து திரையும் கீபோர்டுமாக நாலு டெர்மினல், ஒரு பிரிண்டர், சேலத்து ஹெட் ஆபீசோடு பேச ஒரு டெலிபோன் லைன். எந்தக் காட்டில் காபிப் பழம் பறித்தாயிற்று, எதில் மருந்தடித்தாயிற்று, எவ்வளவு மழை என்பதெல்லாம் அதற்குள் போகவேண்டும். அதைக் கவனித்துக்கொள்ள மலைக்கு அனுப்பப்பட்ட நிபுணர் நான். நிபுணருக்கு அப்போது தெரிந்த கட்டளைகள் மொத்தம் பதினைந்து இருக்கும்.

ஆபரேட்டர் ஜமீலா அக்கா. என்னைவிட ஆறேழு வயது மூத்தவர். அவருடைய அண்ணன் ஒண்டிக்கடையில் குடைக்கடை வைத்திருந்தார். டைப்பிங் ஹையர் பாஸ் செய்து, வீட்டில் மன்றாடி அனுமதி வாங்கி வேலைக்கு வந்தவர். அவர் குடும்பத்தில் ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்த முதல் பெண். நான் எதைத் தட்டினாலும் எட்டிப் பார்த்து, “ஏனுங்க தம்பி, இது எதுக்குங்க?” என்பார். பாதிக் கேள்விக்கு எனக்கே பதில் தெரியாது. சாயங்காலம் கையேட்டைப் பார்த்துவிட்டு, மறுநாள் பிறந்ததிலிருந்தே தெரிந்தவன் மாதிரி சொல்வேன்.

கம்ப்யூட்டருக்கு முதல் எதிரி இடி. அந்த மலையில் சித்திரை, வைகாசியில் மத்தியானமானால் இடி உருளும். முதல் இடி கேட்டதும் ஊரில் அத்தனை வீட்டிலும் ரேடியோ, டிவி பிளக்கைப் பிடுங்கிவிடுவார்கள். ஆபீசில் அந்தப் பொறுப்பு சடையன் அண்ணனுடையது. பக்கத்துக் கரடியூரில் சொந்தமாகக் கொஞ்சம் காபியும் சாமையும் போட்டிருந்தவர், பகலில் ஆபீஸ் காவல். இடி கேட்டால் ஓடிவருவார், பிளக்கைப் பிடுங்குவார், போய்விடுவார். சர்வரை அப்படிப் பிடுங்கக் கூடாது. திரும்ப உயிர்கொடுத்தால் டிஸ்க் முழுவதையும் சோதித்து, கிழிந்ததைத் தைத்து எழ அரை நாள் ஆகும்.

“அண்ணா, அது டிவி இல்லைங்க” என்று கெஞ்சினேன்.

“அதனால என்னங்க சாமி? இடிக்கு டிவின்னும் தெரியாது, இதுன்னும் தெரியாது” என்றார்.

அந்தச் சமயம்தான் ஹெட் ஆபீஸ் மேனேஜர் போனில் சத்தம் போட்டார்: “இது மலைக்கு ஒத்து வராதுப்பா. திங்கக்கெழம வர்றேன். அன்னிக்கும் படுத்திருந்தா இங்கயே தூக்கிட்டு வந்துடறேன்.”

பெட்டி இறங்கினால் ஆபரேட்டர் வேலையும் இறங்கிவிடும். ஜமீலா அக்காவுக்கு மலைப்பாதையின் இருபது கொண்டை ஊசி வளைவில் மூன்றாவதிலேயே தலை சுற்றும். தினமும் சேலம் போய்வர வீட்டிலும் விடமாட்டார்கள். அவர் அன்று மட்டும் என்னிடம் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

நான் கையேட்டில் விழுந்தேன். அங்கேதான் ரன் லெவல் என்ற அதிசயம் கண்ணில் பட்டது. யூனிக்ஸ் ஒரே மூச்சில் எழுந்துவிடாதாம். அதற்குப் படிகள் உண்டாம். பூஜ்யம் என்றால் முழு உறக்கம். ஒன்று என்றால் பழுதுபார்ப்பவன் மட்டும் உள்ளே. இரண்டில் பெட்டியோடு இணைந்த திரை மட்டும் வேலை செய்யும். எங்கள் பெட்டியில் மூன்றுக்கு ஏறினால்தான் டெர்மினல், பிரிண்டர், டெலிபோன் லைன் எல்லாம் உயிர்பெறும். ஆறு என்றால் படுத்து மறுபடி எழுவது. ஒரு கோப்பில் வரிசையாக எழுதிவைத்திருக்கும், எந்தச் சேவை எந்தப் படியில் எழவேண்டும் என்று. ஒண்டிக்கடையில் முதல் பஸ் வந்த பிறகே பால், பால் வந்த பிறகே டீ என்பதுபோலத்தான். எனக்கு ஒரே புல்லரிப்பு. நாலும் ஐந்தும் எதற்கு என்று இரண்டு நாள் மண்டையைக் குடைந்துகொண்டேன்.

முதலில் சடையன் அண்ணனுக்கு ஒரு வழி செய்தேன். ‘இடி’ என்று, இங்கிலீஷில் idi, ஒரு பயனர் பெயரை உருவாக்கினேன். அந்தப் பெயரை அடித்தால் இயந்திரம் ஒழுங்காகப் பூஜ்யத்துக்கு இறங்கிவிடும். அவருக்கு இங்கிலீஷ் எழுத்து தெரியாது. மரங்களுக்கு எண் போடும் சிவப்புப் பெயின்டை எடுத்து கீபோர்டின் அந்த இரண்டு சாவிகளில் ஜமீலா அக்கா பொட்டு வைத்தார். வலது, இடது, மறுபடி வலது, கடைசியில் பெரிய என்டர் சாவி என்று ஒருமுறை காட்டினோம். சனிக்கிழமை மத்தியானம் இடித்தது. அண்ணன் ஓடிவந்தார், தட்டினார், திரை அடங்கும்வரை கைகட்டி நின்றார், பிறகு பிளக்கைப் பிடுங்கினார். நாங்கள் கைதட்டினோம்.

அதோடு நான் நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் இடிப்பதற்கு முன்பே, அன்று காலையில், இன்னொரு வேலையும் செய்து வைத்திருந்தேன். கோப்பின் முதல் வரியில் ஓர் எண் இருந்தது. யாரும் எதுவும் சொல்லாதபோது இயந்திரம் போகவேண்டிய நிலை என்று கையேடு விளக்கியது. யோசித்தேன். சடையன் அண்ணன் இல்லாத நேரத்தில் இடித்தால்? ஏற்காட்டில், யாரும் எதுவும் சொல்லாதபோது கரண்ட் சாமான் எப்படி இருக்கவேண்டும்? அணைந்து இருக்கவேண்டும். பூஜ்யம் என்று மாற்றிவிட்டேன்.

ஞாயிறு காலை சுவிட்சைப் போட்டால் எழுகிறது, எழுந்த கையோடு படுக்கிறது. மறுபடி போட்டேன், மறுபடி படுத்தது. மறுநாள் மேனேஜர். “போச்சுங்க்கா, டிஸ்க்கே போச்சு, எழவே மாட்டேங்குது” என்றேன்.

ஜமீலா அக்கா திரைக்கு வெகு அருகில் குனிந்திருந்தார். “இல்லீங்க தம்பி. எந்திரிக்குது. நல்லா எந்திரிச்சுட்டு, யாரோ சொன்ன மாதிரி படுக்குது. கடைசில ஒரு பூஜ்யம் வருது பாருங்க.”

அந்தப் பூஜ்யம் என்னுடையது. அது எழும்போதெல்லாம் முதலில் பார்க்கும் எண் அது. எழுந்ததும் படு என்று நானே எழுதிக் கொடுத்திருக்கிறேன். அப்போதுதான் கையேட்டின் ஓரத்தில் பென்சிலை எடுத்தேன்.

அவசரத்துக்கென்று வைத்திருந்த பிளாப்பியில் இயந்திரத்தை எழுப்பி, அந்தக் கோப்பைத் திறந்தேன். பூஜ்யத்தை அழித்துவிட்டு மூன்று என்று அடிக்கப் போனேன்.

“மூணுன்னு போட்டா என்னங்க ஆகும்?”

“சுவிட்சைப் போட்டா போதுங்க்கா. நீங்க தொடவே வேண்டாம். எல்லாம் தானா வந்துடும். சேலத்துலருந்தேகூட பாக்கலாம்” என்றேன் பெருமையாக.

“அப்ப என்னைய எதுக்குங்க வெச்சிருப்பாங்க?”

சத்தியமாக எனக்கு அது தோன்றவே இல்லை. படிகளையும் எண்களையும் பார்த்து மயங்கிக் கிடந்தவனுக்கு எதிரே ஓர் ஆள் இருப்பது தெரியவில்லை. வெட்கமாக இருந்தது. இரண்டு என்று அடித்தேன். இரண்டில் நிற்கும், மூன்றுக்கு ஏற்ற ஒருவர் வந்து கட்டளை அடிக்கவேண்டும்.

திங்களன்று மேனேஜர் வந்தார். எல்லாம் ஓடியது. ஆனால் மனிதர் கெட்டிக்காரர். “ஏன் பாதியில நிக்குது? நேரா மேல போகாதா?” என்றார்.

ஜமீலா அக்காதான் சொன்னார். “இடி விழுகுற ஊருங்க சார். ஒயரு, லைனு எல்லாம் நல்லாருக்கான்னு கண்ணுல பாத்துட்டுத்தானுங்க மேல ஏத்தோணும்.”

“நொம்ப சரிங்க” என்றார் வாசலிலிருந்து சடையன் அண்ணன், ஒன்றும் புரியாமலே. மேனேஜர் தலையாட்டினார். பெட்டி மலையிலேயே நின்றது.

இன்றைய சர்வர்கள் எல்லாச் சேவைகளையும் ஒரே நேரத்தில் எழுப்பிவிடுகின்றன. அந்த எண்கள் பெயரளவுக்குத்தான். எந்தப் படியில் நிற்கட்டும் என்று யாரும் யாரையும் கேட்பதில்லை. அந்த எஸ்டேட் ஆபீஸ் இப்போது தங்கும் விடுதி. ஆனால் நான் அடித்த இரண்டு அதற்கெல்லாம் முன்பே போய்விட்டது. ஏழு வருடம் கழித்து, நான் கோயம்புத்தூரில் இருந்தபோது, ஒருநாள் ஜமீலா அக்கா போன் செய்தார்.

“நாளைல இருந்து நான் இல்லீங்க தம்பி. சேலத்துலயே பாத்துக்கறாங்களாம். அந்த ரெண்ட மூணாக்கிட்டனுங்க.”

“உங்களுக்கு அதை மாத்தத் தெரியுமாக்கா?”

“அஞ்சாறு வருசமா தெரியுமுங்க. நான் போனப்புறம் அது பாதில நின்னுட்டு இருக்கப்படாதுல்லீங்க?”

சரியாக வேலை செய்கிறதா என்று மட்டும் கேட்டேன். வேறு என்ன கேட்க?

“அணைச்சுப் போட்டுப் பாத்தனுங்க. கைய மடில வெச்சுட்டு சும்மா உக்காந்திருந்தேன். ஒவ்வொண்ணா எல்லாமே வந்துருச்சுங்க.”