திரும்பும் வழியைக் கேட்கும் கர்னல்

நான் வேலை பார்க்கும் இந்தப் பனி தேசத்து ஊலு நகரத்தில் யாரும் யாரையும் ‘எங்கே போகிறாய்’ என்று கேட்பதில்லை. ஐந்து வருடமாக ஒரே லிஃப்டில் இறங்கும் பக்கத்து வீட்டுக்காரர், நான் பெட்டியும் கையுமாக நின்றாலும் கதவையே பார்த்துக்கொண்டு வருவார். முதல் குளிர்காலத்தில் எனக்கு அழுகையே வந்தது. எங்கள் பூஞ்சேரியில் கிளம்புகிறவரைக் கேட்கக் கூடாது என்பார்கள், கேட்காமலும் விடமாட்டார்கள்.

என் நைனா செங்கல்பட்டுக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவே முப்பது வருடம் தனியார் பஸ் ஓட்டியவர். டூட்டிக்குக் கிளம்பும்போது யாராவது ‘எங்க போற’ என்று கேட்டுவிட்டால் போச்சு. செருப்பைக் கழற்றி, உள்ளே வந்து உட்கார்ந்து, ஒரு சொம்புத் தண்ணீர் குடித்து, கேட்டவரின் பரம்பரையையே திட்டிவிட்டுத்தான் மறுபடி எழுவார். இப்போது அவருக்கு நினைவு தப்பிவிட்டது. என் பெயர் தெரியாது. அந்த வழக்கம் மட்டும் தப்பவில்லை. தினமும் மத்தியானம் டூட்டி என்று கதவைத் திறக்கிறார். நூறடியில் கிழக்குக் கடற்கரைச் சாலை. தம்பி சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் வேலைக்குப் போய்விடுவான். தம்பி மனைவி செல்வி அங்கன்வாடியில் பிள்ளைகளுக்குச் சோறு போட்டுவிட்டு வர ஒரு மணி ஆகும். வெளியே பூட்டினால் கதவில் முட்டிக்கொள்கிறார்.

ஆகவே அந்த ஒரு மணி நேரம் என் காவல். போன லீவில் வீட்டில் ஒரு கேமராவும் ஸ்பீக்கரும் மாட்டி, லினக்ஸ் ஓடும் சின்னக் கணினிப் பெட்டி ஒன்றோடு இணைத்துவிட்டு வந்தேன். அங்கே பன்னிரண்டு என்றால் இங்கே எட்டரை, டிசம்பரில் விடிந்திருக்காது. வெளியே பனி பெய்யும், திரையில் எங்கள் வாசல் வெயில் காயும், நடுவே நைனா தண்ணீருக்குள் நடப்பவரைப் போல மெதுவாக வருவார். “நைனா, எங்க போற?” என்பேன். முணுமுணுத்துக்கொண்டே திரும்பிவந்து தண்ணீர் குடிப்பார். குடித்ததும் டூட்டி மறந்துவிடும்.

அலுவலகத்தில் பக்கத்து மேசை மார்க்குவிடம் இதை ஒருநாள் விளக்கினேன். கேட்டால் உட்கார வேண்டும், தண்ணீர் குடிக்க வேண்டும், பிறகுதான் போகலாம் என்று. கவனமாகக் கேட்டவர், “ஓ, டைம்அவுட்” என்று, கணினி சற்றுக் காத்திருந்து மறுபடி முயல்வதற்கு நாங்கள் வைத்திருக்கும் பெயரைச் சொல்லிவிட்டுக் காபி எடுக்கப் போய்விட்டார்.

அந்தத் திங்கட்கிழமை நான் கேட்டேன், நைனா திரும்பவில்லை. இன்னொரு முறை கத்தினேன். அலுவலகமே நிமிர்ந்து பார்த்தது. படம் தெளிவாக வருகிறது. என் குரல்தான் போகவில்லை. துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு அவர் திரையை விட்டுப் போனார். செல்விக்குப் போன் போட்டேன். பிள்ளைகளை ஆயாவிடம் விட்டுவிட்டு ஓடினாள்.

“பஸ் ஸ்டாப்புல குந்திகினு கீறாரு அண்ணி,” என்றாள், மூச்சு வாங்க. “ரோட்டத் தாண்டிட்டாரு. எப்டித் தாண்டினாருன்னே தெரில.”

கழிப்பறைக்குள் போய் அழுதுவிட்டு வந்து உட்கார்ந்தேன். முந்தின நாள் தம்பி புதிதாக இன்னொரு இன்டர்நெட் லைன் போட்டுப் பெட்டியில் சொருகியிருந்தான். நல்லதுக்குத்தான்; பழைய லைன் அடிக்கடி படுத்துவிடும். இரண்டு மணி நேரம் தேடினேன். என் குரல் பெட்டியின் வாசல் வரை போகிறது, ஸ்பீக்கருக்குப் போய்ச் சேரவில்லை. கடைசியில் கர்னலின் குறிப்பேட்டில் ஒரு வரி. லினக்ஸின் உள்கருவான கர்னல்தான் எதை உள்ளே விடுவது, எதை எந்த வழியாக அனுப்புவது என்று முடிவு செய்வது. அது என் முகவரியைப் போட்டு ‘மார்ஷியன்’ என்று எழுதியிருந்தது. செவ்வாய்க்கிரகத்து ஆள்! சொந்த வீட்டில் எனக்குக் கிடைத்த பெயர்.

காரணம் எளிது. ஒரு சேதி உள்ளே வந்தால், ‘இதற்குப் பதில் அனுப்பினால் வந்த வழியாகவே போகுமா?’ என்று கர்னல் பார்க்கும். இல்லையென்றால் சத்தமில்லாமல் தூக்கி எறிந்துவிடும். நான் பழைய லைனில் வந்தேன்; திரும்பும் வழி புது லைனுக்கு மாறியிருந்தது, படம் மட்டும் அதன் வழியாக வெளியே வந்துகொண்டிருந்தது. இவ்வளவு கறாரான காவலைப் போட்டதும் நான்தான், பாதுகாப்பு என்று பெருமையாக. தன் வினை தன்னைச் சுட்டது. போன வழியே யார்தான் திரும்புகிறார்கள் என்று கர்னல்மேல் எனக்குக் கோபம் கோபமாக வந்தது. புது லைன் வழியாக உள்ளே நுழைந்து, அந்தக் காவலின் கறாரைக் குறிக்கும் எண் ஒன்று என்றிருந்ததை இரண்டு என்று மாற்றினேன். ஏதாவதொரு வழியில் இவளிடம் திரும்ப முடிந்தால் போதும், உள்ளே விடு என்று அதற்கு அர்த்தம்.

மறுநாள் செல்வி லீவு போட்டுவிட்டு வீட்டிலேயே இருந்தாள். நைனா கதவைத் திறந்தார். “நைனா, எங்க போற?” என்றேன். நின்றார். செருப்பைக் கழற்றினார். தண்ணீர் குடித்துவிட்டு, வழக்கமில்லாமல் வீட்டுக்குள் சுற்றும்முற்றும் தேடினார்.

“அந்தப் பொண்ணு நேத்து எங்கியோ போய்க்கினு இன்னிக்குத்தான் வந்துகீது,” என்றார் செல்வியிடம். “பாவம், பசியாருக்கும். அதுக்கும் சோறு போடு.”

செல்வி கேமராவை ஒருமுறை பார்த்தாள். அவருக்கு எதிரே இன்னொரு தட்டு வைத்துச் சோறும் மீன்குழம்பும் போட்டாள். நைனா தன் தட்டைத் தொடவில்லை. நான் வந்து உட்காரட்டும் என்று காத்துக்கொண்டிருந்தார்.