ஒன்பது மணி நேரத் தூரம்

வேலை பார்க்கும் விமான டிக்கெட் அலுவலகத்தில் அவளுக்கு ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டிருந்தது. எவ்வளவு தூரம் என்று கேட்பவர்களிடம் பறக்கிற நேரத்தை மட்டும் சொல்வாள். நடுவில் இறங்கி, அடுத்த விமானத்துக்காகக் கழுத்து சுளுக்கக் காத்துக் கிடப்பதைச் சொன்னால் வயதானவர்கள் மலைத்துப்போய் எழுந்து போய்விடுவார்கள். முதலில் சீட்டைப் போடு, மிச்சத்தை விமானம் பார்த்துக்கொள்ளும் என்பார் முதலாளி. வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவள் அவள்தான். அரை உண்மை சொல்லவா படித்தோம் என்று சில மாலைகளில் தோன்றும். பஸ் வந்ததும் மறந்துபோகும்.

தம்பிக்கு வெளிநாட்டில் வேலை கிடைத்தபோது அனுப்ப மாட்டேன் என்று அம்மா ஒற்றைக்காலில் நின்றாள். ஏழாயிரம் கிலோமீட்டர் என்றதும் நெஞ்சில் கைவைத்தவளை, ஒன்பது மணி நேரம்தான், கண்ணை மூடித் திறப்பதற்குள் வந்துவிடுவான் என்று கரைத்தது இவள்தான். அன்றிலிருந்து அக்கம்பக்கத்தில் யார் கேட்டாலும் அம்மா அதையே பெருமையாகச் சொன்னாள்.

இப்போது அம்மா ஆஸ்பத்திரிக் கட்டிலில். இதயத்தில் அடைப்பு, காலையிலேயே ஆபரேஷன், தள்ளிப்போட்டால் உயிருக்குப் பொறுப்பில்லை என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். மகன் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போக மாட்டேன் என்றாள் அம்மா. அவன் நேற்று மத்தியானமே கிளம்பிவிட்டான். அம்மாவின் ஒன்பது மணி நேரம் எப்போதோ தீர்ந்திருந்தது.

"அவன் கிளம்பவே இல்லடி. பொண்டாட்டி விட்டிருக்க மாட்டா. நீ வேற அவனுக்கு வக்காலத்து வாங்காத."

இரவெல்லாம் கால் பிடித்துவிட்டு, கைத்தாங்கலாகக் கழிவறைக்குக் கூட்டிப்போனவள் கட்டிலோரமே நின்றாள். அம்மாவின் கண்கள் அவளைத் தாண்டித் தாண்டி வாசலுக்குப் போயின. நர்ஸ் தள்ளுவண்டியோடு வந்து, அம்மா தலையாட்டாததால் இரண்டு தடவை திரும்பிப் போனாள். இனி மறைத்தால் அம்மாவே மிஞ்ச மாட்டாள்.

"அவன் கிளம்பிட்டான்மா. நடுவுல ஒரு ஏர்போர்ட்ல உக்காந்திருக்கான். ஒன்பது மணி நேரம்கிறது பறக்கறது மட்டும்தான். வீட்டுக்கு வீடு ஒரு நாளுக்கு மேல ஆகும். சாயங்காலம்தான் வருவான்."

அம்மா அழவில்லை. வாசலிலிருந்து கண்ணை எடுத்து அவள் முகத்தைப் பார்த்தாள்.

"அந்த ஒன்பத நம்பித்தான்டி அவனைப் போன்னு சொன்னேன்."

"தெரியும்மா."

"தெரிஞ்சுமா சொன்ன?"

யாருக்காகச் சொன்னோம்? தம்பி முன்னேறட்டும் என்றா, அந்த நேரத்து அழுகை நின்றால் போதும் என்றா?

அம்மா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். "அந்த நர்ஸ் பொண்ண வரச்சொல்லு. போறேன்."

தள்ளுவண்டி நகர்ந்தபோது கூடவே நடந்தாள். ஆபரேஷன் அறை வாசலில் அம்மா ஒரே ஒரு தடவை வாய் திறந்தாள்.

"பசியோட வருவான். நீ வீட்டுக்குப் போய் எதையாவது ஆக்கி வை."

கதவு மூடிக்கொண்டது. வீடு பத்து நிமிட நடைதான். அவள் போகவில்லை. ஆளில்லாத நாற்காலி வரிசையில், கதவுக்கு ஆகப் பக்கத்தில் இருந்ததில் போய் உட்கார்ந்தாள்.